லலிதாவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு

முதலில் வந்தது வெக்கை. வங்காளத்தில் எங்கள் டாக்குரியா வீட்டில் தைக் குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டரில் இருக்க, நான் மட்டும் விசிறிக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு வயது. மாதவிலக்கு இரண்டு மாதம் வராது, மூன்றாம் மாதம் வரும்.

என் ஓரகத்தி லலிதாவும் அதே வீட்டில்தான். என்னைவிட ஆறு வயது சின்னவள். கட்டிக்காகக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தவள். தினம் ஒரு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை (சினைப்பை சுரக்கும் ஹார்மோனுக்கு மாற்று) போட்டுக்கொண்டு ஜில்லென்று இருந்தாள். எங்கள் வீட்டில் விலக்கானால் மூன்று நாள் பின்னறையில் தனியாக உட்கார வேண்டும். அவளுக்கோ முப்பது நாளும் அடுக்களை. எனக்கு வயிறு எரிந்தது.

பெண் டாக்டர் எனக்கு இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று லலிதாவுடையதே. மற்றது புரோஜெஸ்டோஜன் (ஈஸ்ட்ரோஜனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடிக்காமல் காப்பது). விலக்கு முழுதாக நிற்காததால் கர்ப்பம் தரிக்கலாம், அதை இது தடுக்காது, தனிப் பாதுகாப்பு வேண்டும் என்றார். ஆரம்பத்தில் அவ்வப்போது கறை படலாமாம்.

பட்டது. கொலு வைக்கும் அன்றே பட்டது. நான் பின்னறையில் கிடக்க, லலிதா பொம்மை அடுக்கி, அக்கம்பக்கத்து வங்காளிப் பெண்களுக்குச் சுண்டல் கொடுத்தாள். மறுநாளே யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது மாத்திரையை நிறுத்தினேன். அவளுக்கு ஒன்று போதும், எனக்கு மட்டும் எதற்கு இரண்டு?

ஆறு மாதம் ராணி மாதிரி இருந்தேன். பிறகு கரியாஹாட் புடவைக் கடையில் நிற்கும்போது உதிரம் கொட்டியது.

ஏன் நிறுத்தினேன் என்று டாக்டர் கேட்டார். லலிதாவைச் சொன்னேன்.

“அவருக்குக் கர்ப்பப்பை இல்லை. உங்களுக்கு இருக்கிறது” என்றார்.

உட்சவ்வைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றா இல்லையா என்று தெரியப் பத்து நாள். நோய் வர ஓர் உறுப்பே இல்லாத லலிதாவைப் பார்த்து அந்தப் பத்து நாளும் பொறாமைப்பட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

புற்றில்லை, சவ்வு தடித்திருந்தது. மறுபடி இரண்டு மாத்திரை. உங்களுக்கும் இரண்டு எழுதியிருந்தால், அடுத்தவளைப் பார்த்து ஒன்றை நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் கறை, மீண்டும் பின்னறை. சாப்பாட்டுத் தட்டை வைத்த லலிதா போகாமல் நின்றாள்.

“உங்களுக்கு இன்னும் எத்தனை நாளைக்கு மன்னி இப்படி வரும்?”

“தெரியலையே.”

“எனக்கு முப்பத்தஞ்சிலேயே எடுத்துட்டா. ஒரு குழந்தைகூடப் பொறக்கலை.”

அது அக்கறை இல்லை, பொறாமை. எனக்கு நன்றாகப் பழகிய குரல். முடிந்துகொண்டிருக்கிறது என்று நான் சலித்துக்கொண்ட உடம்பை அவள் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் போனபின், இந்த விலக்கு இன்னும் இரண்டு வருஷம் வரட்டுமே என்று நினைத்துக்கொண்டேன்.