மூன்றடி வெளியே திறக்கும் கதவு

விசிலம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டென்று தீப்பற்றும் பெயிண்ட் தின்னரை டப்பாவில் நிரப்பும் தொழிற்சாலையில் அவள் பாதுகாப்பு மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பஸ் நிறுத்தத்திலும் தொங்கும், சொந்தக்காரர் கல்யாணத்திலும் தொங்கும். ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும், மாப்பிள்ளை யார் என்று கேட்காமல், "இதுக்கு எத்தனை கதவு?" என்று கேட்டாளாம். புருஷன் தையல்காரர். வாயில்லாப் பூச்சி.

இந்தக் கதைகளை எனக்குக் கொண்டுவருபவள் என் தங்கை. அதே தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு மூடி போடுகிறாள். இருப்பது என் வீட்டில். சாப்பிட உட்கார்ந்தால் போதும், "விசிலம்மா சொன்னாங்கண்ணே" என்று ஆரம்பித்துவிடுவாள். விசிலம்மாவும் பதினெட்டு வயதில் மூடி போட வந்தவள்தானாம். மேலே முதலாளியிடமும் கீழே தொழிலாளிகளிடமும் ஒரே நாளில் திட்டு வாங்கும் அந்த மேற்பார்வை வேலையை யாரும் சீண்டாதபோது, தானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதலாளியின் மைத்துனர் ஒருநாள் சிகரெட்டோடு வந்தார். அவரை வாசலிலேயே நிறுத்தி, காலால் தேய்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னாள். இதையெல்லாம் தங்கை பெருமையாகச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அரசு நிலக் குத்தகைப் பிரிவின் கண்காணிப்பாளர். அந்தத் தொழிற்சாலை இருக்கும் தொழிற்பேட்டை முழுவதும் அரசு நிலம். தொழிற்சாலையின் பின்சுவர்தான் குத்தகையின் எல்லை. அதற்கு அப்பால் குத்தகைதாரரின் ஆணிகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது பத்திரத்தின் பதினான்காவது நிபந்தனை. பின்சுவரில் அவசரக் கதவு வேண்டும் என்று மனு வந்தபோது நான் மறுக்கவில்லை. உள்பக்கம் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். வெளிப்பக்கம் திறந்தால் கதவு பொது நிலத்தின் மேல் மூன்றடி வந்து நிற்கும், அது ஆக்கிரமிப்பு. முதலாளிக்குப் பரம திருப்தி. ஒரே வாரத்தில் இரும்புக் கதவு ஏறிவிட்டது.

அடுத்த வாரம் விசிலம்மா என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், கதவு வெளியே தெறக்கணும்."

"உள்ளே தெறந்தா என்னம்மா? கதவு கதவுதானே."

"நாப்பத்திரண்டு பேரு ஓடி வந்து மோதினா, கதவை எப்படி உள்ளே இழுப்பீங்க?"

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா வரச் சொல்லுங்க. நீங்கதான் விசில் வச்சிருக்கீங்களே."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப குத்தகையைத் திருத்திக் குடுங்க" என்றாள்.

மூன்று வருடம் நடந்தாள். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: ஒரு தடவைக்கு ஒரு குறைதான் சொல்லுவோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் மனுதாரர் எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வந்துவிடுவார். அப்புறம் கோப்பை மேலே அனுப்ப வேண்டியிருக்கும். முதலில் மூன்றாம் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்து இல்லை என்றேன். பிறகு வரைபடம் பழையது. புதிய வரைபடத்தில் அளவுவிகிதம் இல்லை. அளவுவிகிதம் போட்டு வந்தால், வரைந்தவரின் உரிமம் காலாவதி. ஒன்பதாவது தடவை, "சார், மொத்தமா சொல்லிடுங்களேன்" என்றாள்.

"மொத்தமா பாக்க எனக்கு ரெண்டு கண்ணுதான்மா இருக்கு."

பிரிவே சிரித்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டில் தங்கை ஒருநாள் நேராகவே கேட்டாள்: "உள்ளே இருக்கறது நாங்கண்ணே. உனக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையா?" ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அவள் வாயை அடைத்தேன்.

வருடாந்திர ஆய்வுக்கு அந்தத் தொழிற்சாலைக்குப் போனேன். பின்சுவர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளக்கும் டேப்போடு அந்த இரும்புக் கதவருகே குனிந்திருந்தேன். விசிலம்மா முன்வாசலுக்குக் குறுக்கே சுமை தூக்கும் வண்டியை நிறுத்தி, அதில் 'தீ இங்கே' என்று சிவப்புப் பலகை மாட்டியிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை. விசில் அடித்தாள்.

நாற்பத்திரண்டு பேரும் பின்கதவை நோக்கி ஓடி வந்தார்கள். நிமிர்ந்து கைப்பிடியைப் பிடிப்பதற்குள் என் மேல் வந்து விழுந்தார்கள். இழுக்க வேண்டிய கதவோடு என்னைச் சேர்த்து நசுக்கினார்கள். கைப்பிடி வயிற்றில் குத்தியது. "பின்னால போங்க" என்று கத்த நினைத்தேன், மூச்சு வரவில்லை. தோளுக்குப் பின்னால் தங்கையின் குரல் கேட்டது.

"அண்ணே, கதவைத் தெற."

திறக்க முடியவில்லை. புகை வாசனைகூட இல்லை, இது வெறும் ஒத்திகை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயந்தேன். இரண்டாவது விசில் கேட்டுக் கூட்டம் விலகியது. விசிலம்மா கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்தொன்பது செகண்டு சார். கதவு அசையல."

அவளை வேலையிலிருந்து தூக்காமல் விடுவதில்லை என்று ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து புகார் எழுதினேன். ஓர் அரசு ஊழியரின் உயிரோடு விளையாடினாள் என்று நான்கு பக்கம். கதவை ஏன் திறக்க முடியவில்லை என்பதை எழுதாமல் புகார் நிற்காது. அதையும் எழுதினேன்: ஆள் நெருக்கும்போது உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது, வெளிப்பக்கம் திறந்தால் ஒரு தள்ளு போதும். கீழே கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். மூன்று வருடமாக அவள் கேட்டதை அவளைவிடத் தெளிவாக நானே எழுதிவைத்திருந்தேன். உள்பக்கம் திறக்க வேண்டும் என்று எழுதிய கையும் இதே கைதான். வெட்கமாக இருந்தது.

முதல் மூன்று பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். கதவைப் பற்றிய நான்காவது பக்கத்தை அவள் மனுவின் கோப்பில் சேர்த்து, குறை ஒன்றும் இல்லை என்று எழுதி மேலே அனுப்பினேன். மேலதிகாரி இரண்டு வாரத்தில் குத்தகையைத் திருத்திவிட்டார். பாதுகாப்புப் பணிகளுக்குப் பதினான்காவது நிபந்தனையிலிருந்து விலக்கு. அந்த ஒரு தொழிற்சாலைக்கு மட்டுமல்ல, பேட்டையிலுள்ள எல்லாக் குத்தகைக்கும்.

கீலை மாற்றிக் கதவைத் திருப்பி மாட்டிய பிறகு சரிபார்க்கப் போனேன். விசிலம்மா ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. என்னை அதே இடத்தில் நிற்கச் சொல்லி, கடிகாரத்தை எடுத்துக்கொண்டு விசில் அடித்தாள். கூட்டம் வந்து மோதுவதற்குள் ஒரு கையால் தள்ளினேன். கதவு திறந்துகொண்டது. நாற்பத்திரண்டு பேரும் என்னைத் தாண்டி வெளியே போனார்கள். விசிலம்மா என்னைத் திரும்பியும் பார்க்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தங்கை மட்டும் பொது நிலத்தில் நின்று கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதுக்காண்ணே மூணு வருஷம்?"

டேப்பை விரித்து, கதவு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததை அளந்தேன். சரியாக மூன்றடிதான் இருந்தது.