மாடி வீட்டில் பொரித்த வெள்ளைப் பாம்பு

மூலக்குளத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் செல்வம் வெளிநாட்டுப் பாம்பு வளர்க்கிறான். ஒரு பழுப்பு ஜோடியின் முட்டைகளில், ஒரு குட்டி மட்டும் வெள்ளையாகப் பொரித்தது.

“தாய்ப்பாம்பு வேற எதுகூடயாவது சேந்துருக்கும்” என்றேன்.

செல்வம் சிரித்தான். “பெட்டிக்குள்ளயே கெடக்குது, எங்க போவும் ஆயா? இந்த வெள்ளை நெறம் ரெண்டுக்குள்ளயும் மறைஞ்சிருந்துச்சு. தாயும் தகப்பனும் ஆளுக்குப் பாதி குடுத்தாத்தான் வெளிய தெரியும்.”

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருடத்துக்கு முன், தலைமுடிகூட வெளுத்துப் பிறந்த பேத்தியோடு நின்ற மருமகளிடம், “இது எங்க வம்சத்துது இல்ல” என்று வாசலைக் காட்டியவள் நான்.

மறுநாளே நெல்லித்தோப்பில் அவள் தாய்வீட்டுக்குப் போனேன். அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள். யாரிடமும் பணியாத நான், தெருவெல்லாம் விசாரித்தேன்; எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போதும் பள்ளி விடும் நேரத்தில் நெல்லித்தோப்புப் பள்ளி வாசலில் போய் நிற்கிறேன். கருப்புத் தலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை தெரிந்தால், எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.