"இது உன் அம்மாவா?"

என் மகள் கவிதாவுக்கு ஆட்டிசம். அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். பயிற்சிக்காக வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூருக்கு வாராவாரம் பஸ்ஸில் அழைத்துப் போவேன்.

ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஏர்ஹாரன் அடிக்க, கவிதா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். பஸ்களுக்கு நடுவே ஓடப் பார்த்தவளை இழுத்துப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள். கூட்டம் கூடிவிட்டது. நான் பிள்ளை பிடிக்கிறவள் என்று யாரோ சொல்ல, ஒருவர் அவளை என்னிடமிருந்து பிடுங்கினார்.

"பாப்பா, இது உன் அம்மாவா? சொல்லு."

அவள் பேசினால்தானே? எங்கோ பார்த்தபடி அழுதாள். ஒருத்தி என் முடியைப் பிடித்துவிட்டாள்.

கூட்டத்துக்குப் பின்னால் என் கணவரின் அக்கா நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

நாங்கள் வழக்கமாக வரும் பஸ்ஸின் கண்டக்டர்தான் ஓடிவந்தார். "வுடுங்கய்யா, அது அவங்க புள்ளதான்" என்று விலக்கிவிட்டார்.

பிறகு அண்ணியிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கூட இருந்தாங்க. இப்படி ஒரு புள்ள நம்ம குடும்பத்துல இருக்குன்னு தெரிஞ்சா எம்பொண்ண எடுப்பாங்களா?" என்றார்.

இப்போது நாங்கள் குடும்பமாக எடுத்த போட்டோ எப்போதும் என் பையில் இருக்கிறது. பஸ் ஏறியதுமே, "என் பொண்ணுக்குப் பேச்சு வராது, சத்தம் ஆகாது. கத்துனா பயப்படாதீங்க" என்று எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் யாராவது பஸ்ஸில் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்கிறேன்.