நன்றியுரைக்கு யார் உட்காருகிறார்கள்?

போன புதன்கிழமை காலை, என் தம்பி தண்டபாணி வாசலில் வந்து நின்றான். நெய்க்காரப்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறான். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. முகத்தில் சிரிப்பே இல்லை.

அக்கா வீட்டுக்குக் கொய்யா கொண்டுவருகிற ஆள் சிரிக்காமல் வந்தால், விஷயம் பெரிது என்று அர்த்தம்.

“ஏனுங்க்கா, கௌசி எங்க?”

“காலேஜுக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கா. உக்காரு, காபி போடுறேன்.”

“காபியெல்லாம் அப்புறமேலு. மொதல்ல இதைப் பாருங்க.”

செல்போனை நீட்டினான். அவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படம். திண்டுக்கல் கடைவீதி, உச்சி வெயில். தலையில் தொப்பி, ஒரு கையில் அட்டை, இன்னொரு கையில் முஷ்டி, அகலமாகத் திறந்த வாய்... சாட்சாத் எங்கள் கௌசல்யாதான்!

படத்துக்குக் கீழே ஊர்க்காரர்களின் கருத்துகள். ‘தண்டபாணி மக எந்தக் கட்சிங்க?’ என்று ஒருவர். ‘வார்டு மெம்பருக்கு நிக்கிறாங்களா?’ என்று இன்னொருவர். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடு பொம்மைகள்.

கௌசல்யா யார் என்று சொல்லிவிடுகிறேன். தம்பியின் ஒரே மகள். பி.காம். முதலாண்டு. என் வீட்டில் தங்கித் திண்டுக்கல்லில் படிக்கிறாள். அதாவது, படிக்கிறாள் என்றுதான் அவள் அப்பா நம்பிக்கொண்டிருந்தான்.

முதலாண்டு மாணவி என்றால் யார் தெரியுமா உங்களுக்கு? நாற்காலி நிரப்புகிறவள்.

கல்லூரியில் விழாவா, ஊரில் ஊர்வலமா, மனிதச் சங்கிலியா... கூட்டம் வேண்டும். மூன்றாமாண்டுக்காரர்கள் சிக்க மாட்டார்கள். காம்பவுண்டுச் சுவர் எந்த இடத்தில் குட்டை என்பது அவர்களுக்கு மனப்பாடம். இரண்டாமாண்டுக்காரர்களுக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்றுவலி வரும். மிச்சம் யார்? “ஃபர்ஸ்ட் இயர் பி.காம்., எல்லாரும் லைனா வாங்க!”

அப்படித்தான் எங்கள் கௌசியும் லைனில் போனாள். ஹெல்மெட் விழிப்புணர்வுக்குப் போனாள். கண்தான ஊர்வலத்துக்குப் போனாள். சிறுமலை அடிவாரத்தில் மரக்கன்று நடப் போய், கை முழுக்க முள் கீறலோடு வந்தாள். புத்தகக் கண்காட்சித் திறப்பு விழாவில் முன்வரிசையை நிரப்பினாள். ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் ஒரு தொப்பி கொடுப்பார்களே, அது ஏழு சேர்ந்துவிட்டது. என் கணவர் இப்போது பால் வாங்கப் போவதே ‘கண்தானம் செய்வீர்’ தொப்பியோடுதான்.

“நீ சைக்கிள்கூட ஓட்ட மாட்டே. உனக்கு எதுக்குடி ஹெல்மெட் ஊர்வலம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கோஷம் போடறதுக்கு வண்டி எதுக்குங்க அத்தை?” என்றாள்.

சேர்ந்த புதிதில் இந்தப் பெண் எப்படி இருந்தாள் தெரியுமா? டவுன் பஸ்ஸில் ‘ஸ்டாப்பிங்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவாள். கடையில் மீதிச் சில்லறை கேட்க என்னைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் ரோட்டில் கோஷம் போட்டு முன்னால் போக, நூறு பேர் பின்னால் கத்துகிறார்கள்! எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு.

“அது பிளாஸ்டிக் பை ஒழிப்பு ஊர்வலம்டா. கட்சியும் இல்ல, கொடியும் இல்ல” என்றேன்.

“என்னவா இருந்தா என்னங்க்கா, ரோடு ரோடுதான? படிக்கட்டும்னுதான் அனுப்பிவெச்சேன். இன்னிக்கு டி.சி.யை வாங்கிர்றேன். பழனியில ஒரு காலேஜுல சொல்லி வெச்சுட்டேன். பொழுதோட வீட்டுக்கு வந்துரும்.”

டி.சி.! மாற்றுச் சான்றிதழ் வாங்கும் அளவுக்கு முடிவு செய்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறான்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கௌசி, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. “இன்னிக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்தர்றனுங்கப்பா” என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

பத்து மணிக்கு நானும் தம்பியும் கல்லூரி அலுவலகத்தில் நின்றோம்.

“பிரின்சிபால் ஃபங்ஷன்ல இருக்காருங்க. செத்த நேரம் இருங்க, வந்துருவாரு” என்றார் கிளார்க். எங்கள் ஊரில் செத்த நேரம் என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம்.

அப்போது ஒரு பேராசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். சிறப்பு விருந்தினரின் கார் கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாம். அரங்கில் பாதி நாற்காலி காலியாம். அவர் பார்வை எங்கள் மேல் விழுந்தது.

“ஐயா, அம்மா... ஏன் இப்பிடி நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க, ஃபேன் இருக்கு!”

நாங்கள், ஃபீஸ் கட்ட வந்த பெற்றோர்கள், கையெழுத்து வாங்க வந்த கூரியர்காரர் என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டார். மகளை நாற்காலி நிரப்ப விடக்கூடாது என்று வந்த என் தம்பி, மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பிளாஸ்டிக் ஒழிப்பு வாரத்தின் நிறைவு விழா அது. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்திய பொன்னாடை பிளாஸ்டிக் கவரில் இருந்து சரசரவென்று வெளியே வந்தது. கவரைப் பேராசிரியர் சட்டென்று பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். பிறகு பேச்சு, அதற்குப் பிறகு பேச்சு, அப்புறம் இன்னொரு பேச்சு.

“எப்பங்க்கா முடியும்?”

“நன்றியுரைன்னு சொல்லுவாங்க. சொன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

ஒருவழியாகச் சொன்னார்கள். “நன்றியுரை வழங்க, பி.காம். முதலாண்டு மாணவி கௌசல்யாவை அழைக்கிறோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சினாளே... இதற்காகத்தானா?

நன்றியுரையை ஏன் முதலாண்டு மாணவர் தலையில் கட்டுகிறார்கள்? ஏனென்றால் அதை யாரும் கேட்கப் போவதில்லை. ‘நன்றி’ என்ற சொல் காதில் விழுந்ததும் நாற்காலிகள் கிறீச்சிடும். பின்வாசலில் டீயும் மிக்சரும் காத்திருக்கும். நானே எத்தனை தடவை எழுந்து போயிருக்கிறேன்!

கௌசி மைக் முன்னால் வந்தாள். மைக் அவள் நெற்றி உயரத்தில் இருந்தது. அதை இறக்கத் தோன்றாமல் இவள் எக்கி நின்றாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க...”

அவ்வளவுதான், அரங்கம் எழுந்துவிட்டது. முதல்வருக்கு நன்றி சொல்வதற்குள் கால்வாசி காலி. சிறப்பு விருந்தினருக்கு வருவதற்குள் அவரே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். கடைவீதியில் கணீரென்று கத்திய பெண்ணின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கையில் இருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தியவள் எங்களைப் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றுபோனது.

என் பக்கத்து நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. தம்பி எழுந்து நின்றான்.

“டேய், வேணாம்டா” என்று சட்டையைப் பிடித்தேன். மேடையேறிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்றே நினைத்தேன்.

அவன் மேடையைப் பார்க்கவில்லை. பின்வாசல் பக்கம் திரும்பினான். இரண்டு தோட்டம் தள்ளி இருக்கிறவனிடம் ‘மோட்டாரை நிறுத்து’ என்று சொல்லிப் பழகிய குரல் அது. மைக் எதற்கு?

“ஏனுங்க! ஒரு புள்ள பேசிட்டு இருக்குதல்ல? அதுக்குள்ள எங்க போறீங்க? உக்காருங்க!”

அரங்கம் அப்படியே நின்றது. வாய் நிறைய மிக்சரோடு இருந்த மூன்றாமாண்டுப் பையன், கிடைத்த இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். கூரியர்காரர் உட்கார்ந்தார். மேடையில் சிறப்பு விருந்தினரும் உட்கார்ந்தார். எழுந்திருக்கவே செய்யாத முதல்வர்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளை வேட்டியும் அப்படி ஒரு குரலும் இருந்தால் நம் ஊரில் யார் கேட்பார்கள்?

“நீ பேசு கண்ணு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

கௌசி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

பேசினாள். மைக் செட்காரருக்கு நன்றி சொன்னாள். அரங்கைப் பெருக்கிய அம்மாவுக்குச் சொன்னாள். பிறகு காகிதத்தில் இல்லாத ஒன்று சொன்னாள். “ஊர்வலத்தப்போ, ‘நாளையில இருந்து பூவை இலையிலதான் மடிச்சுத் தருவேன் பாப்பா’ன்னாங்க ஒரு பூக்கார அக்கா. அடுத்த நாள் போய்ப் பார்த்தனுங்க. நெசமாவே இலையிலதான் மடிச்சுட்டு இருந்தாங்க. அவங்களுக்கும் நன்றிங்க. கடைசியா, உக்காந்திருக்கிற எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க!”

சிரிப்பும் கைதட்டலும் அடங்கவே நேரம் ஆனது. தம்பி கைதட்டவில்லை. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதற்கென்ன?

விழா முடிந்து முதல்வர் தன் அறைக்கு வந்தார். எங்களைக் கூப்பிட்டார். குரலுக்குச் சொந்தக்காரர் யார் என்று பார்த்ததுமே கொஞ்சம் உஷாராகத்தான் பேசினார்.

“சொல்லுங்கய்யா, என்ன விஷயமா வந்தீங்க?”

தம்பி என்னைப் பார்த்தான். கதவோரம் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்லீங்க. எம் புள்ள பேசறதைக் கேக்க வந்தனுங்க.”

ஆகவே, வாசகர்களே... இனி எந்த விழாவிலாவது ‘நன்றியுரை’ என்றதும் எழுந்திருக்கத் தோன்றினால், அக்கம்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு அப்பா உட்கார்ந்திருக்கப் போகிறார்!