வலிக்குக் கிடைத்த பெயர்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக் குறிப்பது என் அன்றாட வேலை. ரத்த நோய்களை ஆராய்ந்துவந்த டாக்டர் ஒருவருக்கும் உதவினேன்.

ஒருநாள் எங்கள் தீவில் தமிழர்கள் நிறைந்த சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒருவர் தன் பத்தொன்பது வயது மகளை அழைத்து வந்தார். பூர்வீகத்தில் கூடலூர் மலைப் பக்கத்துக்காரர், மனைவியை இழந்தவர். மகள் அடிக்கடி கைகால் குடைச்சலில் சுருண்டு படுத்துவிடுவாளாம்.

“வேலைக்குப் போகச் சொன்னா உடனே வலி வந்துடும் லா,” என்றார் என்னிடம்.

அவள் கையை நீட்டினாள். நகமெல்லாம் வெளிறியிருந்தது.

டாக்டர் சொன்னபடி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மூடி, காற்றுப் புகாதபடி ஓரங்களில் வாஸ்லின் பூசினேன். மறுநாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் திகைத்துப்போனேன். வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து கிடந்தன. புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். நேரில் அதுதான் முதல் தடவை.

இந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்வதால்தான் வலி, இதற்கு அரிவாளணு நோய் என்று பெயர் என டாக்டர் விளக்கினார். அப்பாவின் ரத்தத்தையும் சோதித்தோம். அவரிடமும் அந்த நோயின் ஒரு பங்கு இருந்தது. ஒரு பங்கு அப்பாவிடமிருந்தும் மறு பங்கு அம்மாவிடமிருந்தும் வந்ததால்தான் மகளுக்கு நோய். ஒரு பங்கு மட்டும் உள்ளவருக்கு வலி தெரியாது.

“அப்போ, நான்தான் குடுத்தேனா?” என்றார். “நீ நடிக்கிறதா சொன்னேனேம்மா.”

“இப்ப தெரிஞ்சிடுச்சுல்லப்பா, விடுங்க,” என்றாள் அவள்.

முற்றாகக் குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் நிறையத் தண்ணீர் குடிக்கவும், மழையில் நனையாமலிருக்கவும், காய்ச்சல் வந்தால் உடனே வரவும் சொல்லி, மாத்திரையும் கொடுத்தார்கள். வலி அறவே நிற்கவில்லை, இடைவெளி கூடியது. ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து ஓர் இளைஞனோடு கூடத்துக்கு வந்தாள்.

“அக்கா, இவரைத்தான் கட்டிக்கப் போறேன். இவர் ரத்தத்தையும் பார்த்துடுங்க. பிள்ளைக்கு வரக்கூடாதில்ல.”

அவன் சட்டைக் கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தான். ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் எல்லா அணுக்களும் வட்டமாகவே இருந்தன. பிள்ளைக்கு இந்த நோய் வராது என்று மதியம் அவள் கடைக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். “அக்கா, கல்யாணத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்,” என்றாள்.