வெற்றிலை வாய் அதிகாரி

என் வீட்டுக்காரரும் நானும் எண்பதுகளில் வானொலியில் நையாண்டி நாடகம் நடித்தோம். அவர் எதற்கும் அசையாத அதிகாரி, நான் மனுக் கொடுக்க வரும் சண்டைக்காரி. "அவளுக்கு நடிப்பே தேவையில்லப்பா" என்று மதுரையில் எங்கள் சிம்மக்கல் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், படுபாவி மனுஷன்.

அப்படி வாயடித்தவருக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. ஆனால் பேச்சு போய்விட்டது, ஒரு முனகல்தான் மிச்சம். உயிர் தப்பியதே பெரிது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வானொலி நிலையத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். என் வீட்டுக்காரர் இடத்தில் வேறு ஆளைப் போடப்போகிறார்களாம்.

"அவரு இல்லாம நான் வரமாட்டேன்."

"பேசாத ஆளை ரேடியோவுல வச்சு என்னக்கா செய்ய?"

நியாயமான கேள்விதான்.

மறுநாள் ரேஷன் கார்டு விஷயமாக ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தாவுக்கு வாய் நிறைய சோழவந்தான் வெற்றிலை. எழுந்துபோய்த் துப்ப மனசில்லாமல், சாறு ஒழுகாதபடி தாடையைத் தூக்கிக்கொண்டு, யார் என்ன கேட்டாலும் "ம்ம்", "ம்ஹும்" என்றார். வரிசையில் நின்றவர்கள் அதற்கு அர்த்தம் தேடி அல்லாடினார்கள். நான் கார்டை மறந்து வீட்டுக்கு ஓடினேன்.

"என்னங்க, எந்திரிங்க! உங்களுக்கு வேஷம் கிடைச்சிருச்சு! வெத்தலை வாய் அதிகாரி!"

சுவரைவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

நிலையத்துத் தம்பியைச் சம்மதிக்க வைத்து, ஒலிப்பதிவுக்கு அவரைக் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். மைக் முன்னால் நான் மூச்சுவிடாமல் கத்தினேன். "அய்யா, உசுரோட நிக்கிறேன், நான் செத்துட்டதா கார்டுல எழுதியிருக்கீங்களே! நீங்களே சொல்லுங்க, நான் இருக்கேனா, இல்லையா?"

அவர் தாடையைத் தூக்கினார். மேலும் கீழும் என்னைப் பார்த்தார். நிதானமாக, "ம்ஹும்."

"அம்புட்டுதானா அய்யா?"

"ம்ம்."

ஒலிப்பதிவில் சிரிக்கக்கூடாது. அத்தனை வருஷத்தில் நான் சிரித்ததே இல்லை. அன்று வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என்னைப் பார்த்து அவருக்கும் தோள் குலுங்கியது. சத்தமே இல்லை, கண்ணில் மட்டும் தண்ணீர்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து அந்தத் தம்பி, "கெடுத்துட்டீங்களேக்கா! மறுபடி எடுக்கணுமே" என்றார்.

"எடுங்க தம்பி, எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க" என்றேன். எனக்கு அவர் சிரிப்பதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.