பனித்துளிச் சாமிக்கு வைத்த சோறு

மல்சூனின் கோபம் ஆறப்போட்டால் ஆறுகிற ரகம் இல்லை. கேர்யோங் மலையடிவாரத்தில் ஒன்பது வருஷம் அதைச் சோயாச் சாடி போல மூடி ஊறவைத்திருந்தாள்.

ஊசி விற்றுத் திரிந்த மன்சிக் என்பவன் அந்த மலையில் மூன்று மாதம் மறைந்திருந்து தாடியோடு இறங்கி வந்தான். “இனி எனக்குப் பனித்துளிதான் சாப்பாடு, என்னை நம்பினவங்களுக்குச் சாவு கிடையாது” என்றான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா? சண்டையில் எல்லாம் இழந்த சனத்திடம் மதிக்கு மிச்சம் ஏது. எண்ணூறு பேர் அவனை ‘அப்பா’ என்றார்கள். மல்சூனும் புருஷன் தல்சுவும் மாட்டை விற்றுவிட்டு வந்து சேர்ந்தார்கள்.

அப்பா அங்கே கட்டிய மடத்துக்கு அவள்தான் சமையற்காரி. விடியுமுன் பின்வாசல் வழியாக அப்பாவுக்கு ஒரு கிண்ணம் சோறும் முள்ளங்கிச் சூப்பும் போவது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்தியைச் சோதிக்கிறார் என்று நம்பி வாயைத் திறக்காமல் இருந்தாள், பாவி.

தல்சு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது ஆஸ்பத்திரிக்குப் போக அப்பா விடவில்லை. பனித்துளி புகட்டினார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். திதிச் சோறாவது படைக்கிறேன் என்று அவள் காலில் விழுந்தாள்.

“தல்சு தூங்குறாம்மா. செத்தவங்களுக்கு வைக்கிற சோறு இந்த மலையில கூடாது” என்றார் அப்பா.

“சரிங்கப்பா” என்றாள். சூப்பில் ஒருநாளும் உப்புக்கூடக் குறைக்கவில்லை. அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்காகக் காத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. எண்ணூறு பேரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தொடமாட்டார் என்றாலும் முறைக்கு அவர் முன்னால் விருந்து வைத்தாக வேண்டும். உயிரோடு இருப்பவருக்குச் சோறு இடப்பக்கம், சூப்பு வலப்பக்கம். மல்சூன் அதை மாற்றி வைத்தாள், செத்தவருக்கு வைப்பதுபோல. படையலில் செய்வதுபோலவே சோற்றின் நடுவே கரண்டியையும் செங்குத்தாக நட்டாள்.

அப்பாவின் முகம் கறுத்தது. தன்னை மறந்து கரண்டியைப் பிடுங்கிப் போட்டு, கிண்ணங்களை இடம் மாற்றினார்.

“ஏய், தினமும் ஒழுங்காத்தானே வைப்ப? இன்னிக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?”

முன்வரிசைக் கிழவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: “பனித்துளிக்கு இடமும் வலமும் உண்டுங்களாப்பா?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் பலர் மூட்டை கட்டினார்கள். மாதம் முடிவதற்குள் மடத்தில் ஓட்டை வாளிகளும் அப்பாவும் மல்சூனும்தான் மிச்சம்.

அவள் ஏன் போகவில்லை? தல்சுவின் திதி வரவேண்டியிருந்தது. அன்று மடத்தின் நடுக்கூடத்திலேயே அவன் படத்தை வைத்து, சோறு வலமும் சூப்பு இடமுமாகப் படைத்து, கரண்டியை நட்டு விழுந்து கும்பிட்டாள். அப்பா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோற்றைக் கண்டு மூன்று நாள் ஆகியிருந்தது.

“மல்சூன்... எனக்கு ஒரு வாய் போடும்மா.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“விடியட்டும் அப்பா. புல்லு மேல நிறைய இருக்கும்.”